கோடைக்கு மூன்று நாவல்

போன வாரம் அவளை எங்கே விட்டோம்? துணி தேய்க்கிற மேஜைக்குப் பக்கத்தில். கணவர் சட்டை தேய்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் எழுதிய நாவலின் கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாவது அத்தியாயம் வந்ததும் கொஞ்சம்கூடக் கூசாமல் கதையை மாற்றிச் சொன்னாள். அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ‘நல்லா வேணும்’ என்று உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அவள் பக்கத்தையும் கேளுங்கள்.

பள்ளிக்கூடங்கள் மூடி வெயில் ஏறியதும் அவள் கணவர் வானொலியில் வருவார். இந்தக் கோடையில் படிக்க மூன்று நாவல்கள் என்று சொல்லுவார். மறுநாள் புத்தகக் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். “கதைக்காரர் சொன்னாரே, அது இருக்கா?” என்பார்கள். நாவலின் பெயர்கூட ஞாபகம் இருக்காது. கதைக்காரர் சொன்னால் போதும்.

அந்தக் கதைக்காரர் இன்றுவரை ஒரு நாவலையும் முழுசாகப் படித்தவர் இல்லை. இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி, மூன்றாவது பக்கத்தில் குறட்டை. படிக்கிறவள் இவள்தான். மத்தியானத்தில் படிப்பாள், சாயங்காலம் அவர் சட்டை தேய்க்கும்போது கதையைச் சொல்லுவாள். இவள் உப்புச்சப்பில்லாமல் சொன்னதை அவர் மறுநாள் ஒலிவாங்கி முன்னால் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். அது அவர் வரம், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் ‘நான் படிச்சதிலேயே’ என்று அவர் ஆரம்பிக்கும்போது இவளுக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தானோ என்னவோ, அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. பிடிக்காத முடிவுகளை மாற்றிச் சொல்லுவாள். ஒரு நாவலில் நாய் செத்துப்போனது. இவள் அதை வீட்டுக்குத் திரும்பி வரவைத்தாள். அவரும் நாய் வாலாட்டிக்கொண்டு வந்ததை உருக்கமாகச் சொல்லிவிட்டார். புத்தகத்தை வாங்கிப் படித்த ஒரு நேயர், நாய் எங்கே ஐயா வந்தது என்று சண்டைக்கு வந்தார். “எனக்கு வந்துச்சு, உங்களுக்கு வரலையா?” என்று அவர் சமாளித்தார். ஊரே சிரித்தது. வீட்டில் இவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அந்த எட்டாவது அத்தியாயத்தில் என்ன இருந்தது? புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

மாமியார் ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் இருந்தபோது, நாத்தனார் தம்பி வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தார். எடுத்தவள் இவள். அன்றைக்குத்தான் கணவருக்கு முதல் கோடை நிகழ்ச்சி. அதில் சோபிக்காவிட்டால் வேலையே போய்விடும் என்ற நிலைமை. நிகழ்ச்சி முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இவள் இருந்துவிட்டாள். நிகழ்ச்சி முடிந்தது. ஓஹோவென்று போயிற்று. பல மாதங்களுக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள். சரி, காலையில் சொல்லலாம் என்றிருந்தாள். விடிவதற்குள் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கூப்பிட்டும் வராத தம்பி என்று நாத்தனார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அக்காவுக்கு என்ன கோபம் என்று தெரியாமல் அவர் முழித்தார். போன வருஷம் ஒரு கல்யாணத்தில், “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே” என்று அவர் யாரிடமோ அழுதது நாத்தனாரின் காதில் விழுந்தது. போனை எடுத்தவள் தம்பியிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் நாத்தனாருக்குப் பிடிபட்டது.

நாத்தனாருக்குக் கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை. அடுத்தவர் சொல்வதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதுகிற உத்தியோகம். மனசில் இருப்பதை வாயால் சொல்ல அவருக்கு வராது. அதனால் இதையெல்லாம் நாவலாக எழுதினார். ‘ஏழாம் எண் கட்டில்’ என்று பெயர் வைத்துத் தம்பிக்கு முதல் பிரதியை அனுப்பினார். ஊருக்கெல்லாம் புத்தகம் சொல்கிறவன், அக்கா எழுதியதைப் படிக்காமலா இருப்பான் என்று நினைத்தார், பாவம்.

‘லைன் கிடைக்கவே இல்ல. செய்தி போய்ச் சேரல. யார் மேலயும் தப்பில்ல.’ இவள் மாற்றிச் சொன்னது இதுதான். இதைக் கேட்டு அவர் தேய்த்த சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் அக்காவுக்குப் போன் போட்டார். “ஒரே மூச்சுல படிச்சேன்க்கா. இந்தக் கோடைக்கு உன் நாவலும் உண்டு. நீயே நேர்ல வரணும்” என்றார்.

இன்றைக்குத்தான் அந்த நிகழ்ச்சி. நேரடி ஒலிபரப்பு.

நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். கஞ்சி போட்ட புடவை, கையில் ஒரு துணிப்பை. நேரே சமையலறைக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். இவள் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். தீக்குச்சி இரண்டு வீணாயிற்று.

“எட்டாவது அத்தியாயத்தைப் படிச்சிட்டு அவன் என்ன சொன்னான்?”

“அழுதார் அண்ணி.”

“உன்னை ஒண்ணும் கேக்கலையா?”

“என்னை என்ன கேக்கணும்?”

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவள் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் எழுதினதுக்குள்ள நீ இருக்க. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிச்சிட்டு அவன் குதிப்பான், உன்னைக் கண்டபடி பேசுவான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அவன் என்னடான்னா போன் போட்டு, பிரமாதம்க்காங்கறான். எனக்கு ஒண்ணும் ஓடல. அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். அவன் உன்னை மன்னிச்சுட்டான். அதான்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இவள் இறக்கவில்லை. நாத்தனார்தான் எட்டி அடுப்பை அணைத்தார்.

“அவனே மன்னிச்சப்புறம் நான் யாரு முறைச்சுக்கிட்டு இருக்கறதுக்கு? நானும் விட்டுட்டேன்மா. இத்தனை வருஷம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காம இருந்தது போதும். இதை உன்கிட்ட நேர்ல சொல்லத்தான் சீக்கிரமா வந்தேன்.”

சொல்லிவிட்டு அவள் தோளில் கை வைத்தார். ஐயோ, இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு. இப்போதே சொல்லிவிட்டால் என்ன? ‘அவர் படிக்கவே இல்ல அண்ணி, நான்தான் மாத்திச் சொன்னேன்’ என்று கொட்டிவிட்டால் இந்தச் சமையலறையோடு போய்விடுமே. “அண்ணி…” என்று வாயெடுத்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு ரகசியம்?” கணவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தேய்த்த சட்டை, வழவழவென்று சவரம் செய்த முகம். “அக்கா, எங்க வீட்டு டீயைக் குடிச்சா இன்னைக்கு உனக்குக் குரலே வராது. அங்க போய்க் குடிச்சுக்கலாம், கிளம்பு.”

மூன்று பேரும் வாடகைக் காரில் கிளம்பினார்கள். வழி நெடுக அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இவள் பின் இருக்கையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

வானொலி நிலையத்தில் எல்லாருக்கும் இவளைத் தெரியும். கதைக்காரர் சம்சாரம், ராசிக்காக வந்து உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலிபரப்பு அறைக்கும் இயந்திரங்கள் இருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. அதற்கு இந்தப் பக்கம் இவளுக்கென்று ஒரு நாற்காலி, மடியில் நாலைந்து அட்டைகள், ஒரு தடித்த பேனா. பேசும்போது அவருக்குக் கதையில் வரும் பெயர் மறந்தால் கண்ணாடிப் பக்கம் திரும்புவார். இவள் எழுதித் தூக்கிக் காட்டுவாள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒருத்தர் உண்டு. எப்போது பார்த்தாலும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். “என்ன ஒற்றுமை பாருங்க, ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தையா படிப்பீங்க!” என்று அவர் ஒரு தடவை அதிசயப்பட்டார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது. ஜன்னலைச் சாத்திட்டு, தரையில தண்ணி தெளிச்சுட்டு, ஒரு தலகாணியைப் போட்டுப் படுங்க. நான் மூணு கதை சொல்றேன். இந்தக் கோடைக்கு அது போதும்.” அவர் ஆரம்பித்துவிட்டார்.

முதல் நாவல், வீடு மாற்றும் ஒரு குடும்பம். சாமான் ஏற்றிய லாரி ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம், கடைசிவரை இரண்டும் சந்திக்கவே இல்லை. “குழந்தைங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, பெரியவங்க ரொம்ப சிரிப்பீங்க” என்றார். அந்த வாக்கியம் இவளுடையது. அப்படியே எடுத்துவிட்டிருந்தார், கமா உள்பட.

இரண்டாவது, ஒரு தங்கும் விடுதியில் காணாமல் போகும் பெண்ணைத் தேடும் கதை. “யார் செஞ்சதுன்னு நீங்க ஒருத்தரைச் சந்தேகப்படுவீங்க. நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன்.” அடப்பாவி மனுஷா, சந்தேகப்பட்டது நான் என்று இவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். விடுதி மேலாளரின் பெயர் அவருக்கு மறந்தது. இவள் அட்டையைத் தூக்கினாள். அவர் அசங்காமல் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

நாத்தனார் அதைப் பார்த்துவிட்டார். அட்டையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், திரும்பக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்தார். இவள் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“மூணாவது நாவல்,” என்றார் அவர். குரல் தழுதழுத்தது. வேஷம் இல்லை, நிஜமாகவே. “இதை எழுதினது என்கூடப் பிறந்த அக்கா. பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. சொந்தக்காரங்க புத்தகத்தைச் சொல்றானேன்னு நினைக்காதீங்க. ஆஸ்பத்திரியில ஒரு அம்மா படுத்திருக்காங்க. மகனுக்காகக் காத்திருக்காங்க. மக போன் போட்டுப் போட்டுப் பார்க்கறா. லைன் கிடைக்கல. செய்தி மகனுக்குப் போய்ச் சேரவே இல்ல.”

நாத்தனார் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டாவது அத்தியாயம். யார் மேலயும் தப்பில்லன்னு எழுதியிருக்காங்க. அக்கா, நேயர்கள் கேட்டுக்கிட்டிருக்கும்போதே சொல்றேன். அம்மா போனதுலேர்ந்து நீ என் முகத்தைப் பார்த்துப் பேசல. நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியாம புழுங்கிக்கிட்டிருந்தேன். இந்தப் புத்தகத்தைப் படிச்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இதை எழுதினதுக்கு உனக்குக் கோடி நன்றி.”

கடிகாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நாத்தனார் தம்பியைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்தார். காலையில் தோளில் கை வைத்த அந்த முகமா இது என்றிருந்தது. பார்த்தபடியே ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தம்பி, அந்த எட்டாவது அத்தியாயத்தோட கடைசிப் பக்கத்தை வாசி. உன் குரல்ல கேக்கணும்னு எனக்கு ஆசை.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

துணிப்பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அவர் முன்னால் வைத்தார். அவர் வழக்கம்போலக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் வாசித்தார்.

“‘அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். மருமகளிடம் சொல்லியிருக்கிறேன், வந்துவிடுவான் என்றாள். தலையை வாரிவிடச் சொன்னாள். வாரிவிட்டேன். இருட்டும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல வருஷம் தம்பியைச் சபித்தேன். போனை எடுத்தவள் அவனிடம் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்கும் சொல்லவில்லை. பிணத்தின் பக்கத்தில் அவன் விழுந்து அழுதபோதும் சொல்லவில்லை.’”

வாசிப்பு எங்கேயும் தடுக்கவில்லை. அதுதான் பயங்கரம். இருபது வருஷத் தொழில், குரல் தானாக ஓடியது. கடைசி வாக்கியத்தை முடித்து, நிறுத்தி, புத்தகத்தை மூடினார்.

“நேயர்களே, மூணு நாவல் சொன்னேன். வாங்கிப் படிங்க. நீங்களே படிங்க. வேற யாராவது சொல்லிக் கேட்டுக்காதீங்க.”

சிவப்பு விளக்கு அணைந்தது. “பிரமாதம் சார், இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சி வந்ததே இல்ல!” என்று கடிகாரம் ஓடி வந்தார். கணவர் அவர் கையை விலக்கிவிட்டு வெளியே வந்தார்.

நடைபாதையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மூன்று பேரும் நின்றார்கள்.

“போன் வந்துச்சா?” என்று கணவர் கேட்டார்.

“வந்துச்சு.”

“அம்மாவே பேசினாங்களா?”

“ஆமாங்க.”

சுவரில் சாய்ந்துகொண்டார். கத்துவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்து இவள் ஒடுங்கி நின்றாள். அவர் எதுவுமே செய்யவில்லை.

“அன்னைக்கு உங்க வேலை போயிருக்கும்ங்க. நிகழ்ச்சி முடியட்டும்னு இருந்தேன். விடிஞ்சா சொல்லலாம்னு இருந்தேன். அம்மா அப்படி சட்டுனு போவாங்கன்னு நான் கண்டேனா?”

“அது அன்னைக்கு. போன வாரம்? போன வாரம் சட்டை தேய்ச்சுக்கிட்டிருந்தேனே, என் முகத்தைப் பார்த்துதானே சொன்ன? லைன் கிடைக்கலன்னு சொன்னியே. நான் அழுததைப் பார்த்துக்கிட்டு நின்னியே.”

அவளுக்குள் எத்தனையோ வருஷமாகக் கட்டிவைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. “ஆமா, மாத்தித்தான் சொன்னேன். எத்தனையோ கதையை மாத்திச் சொல்லியிருக்கேன். ஒரு நாளாவது பிரிச்சுப் பார்த்தீங்களா? நான் படிச்சதை எல்லாம் நான் படிச்சேன் நான் படிச்சேன்னு ஊருக்குச் சொன்னீங்க. அப்ப இவ சொல்றது நிஜமா பொய்யான்னு ஒரு தடவை கேட்டீங்களா? கூடப்பிறந்தவ உங்களுக்குன்னு எழுதினது. அதைக்கூட நான்தானே படிக்க வேண்டியிருந்துச்சு!”

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். “ஒருத்தன் படிக்கட்டும்னு எழுதினேன்,” என்றார் மெதுவாக. “ஊர் பூரா படிக்கப் போகுது. அவன் மட்டும் படிக்கல.”

கணவர் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அம்மா என்ன சொன்னாங்க? போன்ல. அதே வார்த்தை வேணும் எனக்கு.”

இவள் மறக்கவில்லை. மறக்கிற வார்த்தையா அது? “‘அவனுக்கு வேலை இருக்கும். வர முடியலன்னா பரவாயில்ல. போன்லயாவது ரெண்டு வார்த்தை பேசச் சொல்லு. குரலைக் கேட்டா போதும்’னாங்க.”

புத்தகத்தில் இருந்ததைவிட இது கொடுமை. ஊருக்கெல்லாம் தந்த குரல், பெற்றவள் கேட்டும் கிடைக்காமல் போயிருக்கிறது. அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று இவள் ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் பின்னால் நகர்ந்தார்.

“அக்கா, இது நிஜமா?”

“எனக்குத் தெரியாதுடா. போனை அம்மா கையில கொடுத்துட்டு, டாக்டர் கூப்பிட்டாருன்னு நான் வெளியே போயிட்டேன். அம்மா என்ன பேசினாங்கன்னு இவளுக்கு மட்டும்தான் தெரியும்.”

“இவளுக்கு மட்டும்தான்,” என்று அவர் திருப்பிச் சொன்னார். இவள் பக்கம் திரும்பினார். “அம்மா கடைசியா எனக்குன்னு சொன்னது உன்கிட்டதான் இருக்கு. நீ எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்பறது?”

“சத்தியமா இதுதாங்க சொன்னாங்க.”

“நாய் வீட்டுக்கு வந்துச்சுன்னுகூடத்தான் சொன்ன.”

ஆயுசில் ஒரே ஒரு தடவை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் சாட்சி இல்லை.

அவர் அக்காவின் கையிலிருந்த நாவலை வாங்கிக்கொண்டார். “நான் அக்கா வீட்டுக்குப் போறேன். முதல் பக்கத்துலேர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்கணும். முடிச்சதும் வீட்டுக்கு வரேனா இல்லையான்னு யோசிக்கறேன். அதுவரைக்கும் போன் போடாத.”

அக்காவும் தம்பியும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். அவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். இவள் வாசல்வரை வந்து, அங்கேயே நின்றுகொண்டாள்.

ஒரு நாவலைப் படித்து முடிக்க அந்த மனுஷனுக்கு எத்தனை நாளாகும்? ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே ராத்திரி என்பார்கள். இவளுக்குத்தான் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒன்றைக்கூடப் படித்து முடித்து அவள் பார்த்ததில்லை.